ஓரக்கண்

பச்சை விளக்கு மினுங்கியது. சென்னியப்பனின் இமை ஒருமுறை மூடித் திறந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி பாவாத்தாளின் கட்டைவிரல் பட்டனை அமுக்கியது. மூன்றும் அடுத்தடுத்து நடந்தன, ஆனால் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முதலாவதும் மூன்றாவதும்தான் தெரியும். நடுவில் நடந்தது அவள் முதுகுக்குப் பின்னால். அவள் பெயர் பிரதீபா, காது பரிசோதிக்கிறவள், சென்னியப்பனின் மகளைவிட இளையவள். கோயமுத்தூரில் ஒரு மாடிக் கட்டடத்தில், ஏசி போட்ட சிறிய அறை. அதற்குள்ளே இன்னொரு அறை, பெட்டி மாதிரி, சத்தம் புகாமல் அடைத்தது, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. அந்தப் பெட்டிக்குள் பாவாத்தாள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி அரக்குச் சேலையில், கையில் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், எவ்வளவு மெலிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கூட வந்தவர்கள் வராந்தாவில் இருக்க வேண்டும் என்பது அங்கே முறை. சென்னியப்பன்தான் வாசலை விட்டு நகராமல் நின்றுகொண்டு, "தனியா உட்டா பயந்துக்குவாளுங் அம்மிணி" என்றார். பாவாத்தாளாவது பயப்படுவதாவது. பெல்ட் அறுந்து தறிக்கூடமே அதிர்ந்த அன்றைக்கு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியவள் அவள். வாசலுக்கு வெளியே நின்று பயந்தவர் இவர். அந்தப் பெண் பாவம், "சரி சார், பேசாம உட்காந்துக்கங்க" என்று ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டாள். பேசாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். பேசாமல் இருப்பதில் அவரை யார் மிஞ்ச முடியும். விளக்கு மறுபடி மினுங்கியது, இமை விழுந்தது, கட்டைவிரல் அமுங்கியது.

முதல் தடவை அவர் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. அந்தப் பெண் ஒரு பொத்தானைத் தட்டும்போதெல்லாம் மெஷின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தார், ஓ, இப்போது உள்ளே சத்தம் போகிறது என்று புரிந்தது, புரிந்த அதே நொடியில் இமை தானாக விழுந்துவிட்டது. தறி ஓடுகிற இடத்தில் அப்படித்தான். சோமனூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில் ஒரு தெருவுக்குள் நுழைந்தாலே டக்கடக்க டக்கடக்க என்று சுவர்கள் பேசும், உள்ளே போய்விட்டால் வாய்விட்டுக் கத்தினாலும் கத்தினவனுக்கே கேட்காது. அதனால் அங்கே யாரும் தொண்டையைச் செலவழிப்பதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், மற்றவர் பார்த்துக்கொள்வார். சாப்பாடு ஆச்சா, நூல் வந்துச்சா, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா, எல்லாம் உதட்டிலேயே. ஆமாம் என்பதற்கு இமையை ஒருமுறை மூடித் திறந்தால் போதும். அவர் வாசலில் வந்து நின்றால் போதும், நாலு தறிக்கு நடுவே அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பவள் தலையைத் திருப்பவே மாட்டாள், ஓரக்கண்ணாலேயே அவர் இமையைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வாள். நாலு தறியையும் வாசலையும் தொட்டிலையும் ஒரே சமயத்தில் பார்க்கிற கண் அது. அந்தக் கண்ணை வைத்திருப்பவளைப் போய்ப் பக்கவாட்டாக உட்காரவைத்தால் பார்க்க மாட்டாள் என்று இந்தப் படித்த பெண் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் தப்பில்லை. அதற்குத் தறி தெரியாது. தெரிந்தவர் இவர். தெரிந்தவர் சொல்லியிருக்க வேண்டும், அம்மிணி, என்னை வெளியே அனுப்பு என்று. இரண்டாவது தடவை இமை விழுந்ததே, அப்போது சொல்லியிருக்கலாம். மூன்றாவதற்கு அப்புறம் அது பழக்கம் இல்லை, அவருக்கே தெரியும்.

அதோ, விளக்கு. விழாதே என்று கண்ணுக்குச் சொன்னார். கண்ணை அகல விரித்து அந்தப் பெண்ணின் பின்னலைப் பார்த்தார், பின்னல் நுனியில் ரப்பர் பேண்டு, நீல நிறம். உள்ளே கட்டைவிரல் சும்மா இருந்தது. பாவாத்தாளின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. இன்னொரு தடவை விளக்கு, பலமாக அனுப்புகிறாள் போல, அந்தப் பெண் ஏதோ குமிழைத் திருகினாள். கட்டைவிரல் அசையவில்லை. நெற்றிச் சுருக்கம் இன்னும் கூடியது, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள், கடையில் சில்லறை குறைகிறபோது நிற்பாளே அப்படி. அதைப் பார்க்க அவரால் முடியவில்லை. பார்க்க முடியவில்லை என்பதா, அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள முடியவில்லை என்பதா. விளக்கு வந்தது, இமையை மூடித் திறந்தார், கட்டைவிரல் அமுங்கியது, நெற்றி தெளிந்தது. அவர் நெஞ்சிலும் ஏதோ இறங்கியது. கேட்கிறது, பாருங்கள், அவளுக்குக் கேட்கிறது. இரண்டு நொடிக்கு அவர் அதை நம்பவே நம்பினார். பிறகு ஏசிக் காற்று கண்ணில் பட்டு உறுத்தி, விளக்கு எதுவும் இல்லாமலே சும்மா ஒரு தடவை சிமிட்டிவிட்டார். உள்ளே கட்டைவிரல் அமுங்கியது. பிரதீபா, "சில சமயம் சும்மாவே அமுக்கறாங்க, ஆர்வக்கோளாறு" என்று திரும்பாமலே சிரித்தாள். சென்னியப்பனும் சிரித்தார்.

இவ்வளவுக்கும் அவருடைய காது நல்ல காது. ஏசி இழுக்கிற மூச்சு கேட்கிறது, வராந்தாவில் யாரோ வேர்க்கடலை உடைப்பது கேட்கிறது, கீழே மருந்துக் கடையில் ஷட்டரை யாரோ தட்டுவதுகூடக் கேட்கிறது. இத்தனை வயதில் இப்படி ஒரு காது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் பெருமைப்பட வேண்டிய விஷயம். அவருக்கு இன்றைக்கு அது திருட்டுச் சாமான் மாதிரி தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரில் அவர்தான் தறிக்காரர். சென்னியப்பன் தறி என்றுதான் பெயர். நூல் எடுக்கப் போவார், துணி மடித்துக் கொண்டுபோய்ப் போடுவார், சங்கத்துக் கூட்டத்துக்குப் போவார், கூலி உயர்வு பற்றிப் பேசிவிட்டு டீக்கடையில் இன்னும் கொஞ்சம் பேசுவார். தறியை ஓட்டினது அவள். கல்யாணமாகி வந்த வருஷமே, வேலைக்கு இருந்த ஆள் கோபித்துக்கொண்டு போனபோது, "சித்தெ பாத்துக்க புள்ள, ஆள் வர்ற வரைக்கும்" என்று அவளை உள்ளே விட்டார். அந்த ஆளும் வரவில்லை, வேறு ஆளும் வரவில்லை, அவள் வெளியே வரவுமில்லை. ஆள் தேடினேன், கிடைக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தேடினாரா. முதல் மாதம் தேடினார். அவளே நன்றாக ஓட்டுகிறாளே என்று ஆனபிறகு தேடுவதாகச் சொல்வதோடு சரி.

இதையெல்லாம் இந்தப் பெண் கேட்கவே இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று. உள்ளே அனுப்புவதற்கு முன்னால், மூன்று பேரும் இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, "அம்மா என்ன வேலை பார்த்தாங்க சார்? சத்தம் இருக்கற எடத்துல எங்கியாச்சும்?" என்றது. மூச்சு விடுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் அவர் எவ்வளவோ யோசித்தார், தறி என்றால் எத்தனை வருஷம் என்று கேட்கும், காதுக்கு ஏதாவது அடைப்பு வைத்தார்களா என்று கேட்கும், நீங்கள் ஏன் வைக்கச் சொல்லவில்லை என்று கேட்காவிட்டாலும் பார்க்கும், ஒரு பார்வை பார்க்கும். "வேலைக்கெல்லாம் போகலீங். ஊட்டுலதான் இருந்தா" என்றார். பொய் இல்லை. தறிக்கூடம் வீட்டோடு ஒட்டித்தான் இருக்கிறது, அடுப்படிக்கும் அதற்கும் நடுவில் ஒரு கதவு, அதுவும் பாதி நாள் திறந்துதான் கிடக்கும். வீட்டில்தான் இருந்தாள். இதில் எது பொய். ஆனால் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பியபோது பாவாத்தாள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து விடாமல் பார்த்திருப்பாள். கல்யாண மண்டபத்தில் அந்தக் கோடியில் பெண் வீட்டார் நகையைப் பற்றி முணுமுணுப்பதை இந்தக் கோடியிலிருந்தே படித்துச் சொல்லி அவரைச் சிரிக்கவைக்கிறவள், ஒரு கை தூரத்தில் இருக்கிற புருஷன் வாயையா விடுவாள். முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "போலாமுங்களா அம்மிணி" என்று எழுந்து தானாகவே பெட்டிக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரப்பர் பேண்டு நீலம், வருஷங்களுக்கு முன்னால் வந்த அந்தக் காது அடைப்பான்கள் மஞ்சள். மஞ்சள் நிறத்தில் பஞ்சு மாதிரி மெத்தென்று, அமுக்கினால் சுருங்கி மறுபடி உப்பும். ஏதோ முகாம் போட்டவர்கள் தறி தறியாக ஏறி இறங்கி ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனார்கள், வேலை செய்கிறபோது காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி. பாவாத்தாள் ஒரு நாள் வைத்துக்கொண்டாள். பொழுதோடு வெளியே வந்து, "தலை லேசா இருக்குதுங்க, மண்டைக்குள்ள இரையறது இல்ல" என்றாள், புது வளையல் போட்டவள் மாதிரி சந்தோஷமாக. அன்றைக்கு இரண்டு கஜம் துணியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் விட்டுப்போயிருந்தது. நூல் தீர்ந்தால் தறியின் சத்தம் மாறும், அதை வைத்துத்தான் திரும்பிப் பார்ப்பார்கள், காதை அடைத்திருந்ததால் அவள் திரும்பவில்லை. இரண்டு கஜம். மடித்து ஓரமாக வைத்தால் கைக்குட்டை தைக்கலாம், அவ்வளவுதான் நஷ்டம். "காத அடச்சுட்டு நின்னா தறி நின்னதுகூடத் தெரியாது, இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று அந்தப் பையை எடுத்து அலமாரியில் மேல்தட்டில் வைத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் அப்புறம் சமாதானம் பேசும்போது திருப்பிக் கொடுத்திருப்பாரோ என்னவோ. மகள் கோகிலா அதில் ஒவ்வொன்றாக எடுத்து பொம்மைக்குத் தலையணை வைத்து விளையாடித் தீர்த்தாள். பாவாத்தாள் கேட்கவில்லை. அவள் எப்போதும் எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவள் இல்லை. அதை நல்ல குணம் என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"இப்ப இடது காதுங் சார்" என்றாள் பிரதீபா, அவருக்குத் தகவல் சொல்கிற மரியாதையோடு. அவர் தலையாட்டினார். இது நல்ல காதாக இருக்கலாம், இதற்கு உதவ வேண்டாம், இதையாவது விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். காதுக்குள்ளே என்ன இருக்கிறது என்று படம், நத்தை மாதிரி ஒன்று சுருண்டு கிடக்கிறது. பக்கத்தில் இன்னொரு படம், வெள்ளை முடி வைத்த ஒரு தம்பதி, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், காதில் மெஷின் இருப்பதே தெரியவில்லை. செல்போனில் வந்த காது மெஷின் விளம்பரத்திலும் இப்படித்தான் சிரித்தார்கள். டாக்டரிடம் போக வேண்டாம், டெஸ்ட் வேண்டாம், வீட்டுக்கே வரும், காதில் செருகினால் போதும். அதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது எதுவென்று அன்றைக்குத் தெரியவில்லை, இன்றைக்குத் தெரிகிறது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். என்ன வேலை பார்த்தாள் என்று அந்தச் செல்போன் கேட்கவில்லை. பெயரும் விலாசமும் கேட்டது, மூன்றாம் நாள் மெஷின் வந்து சேர்ந்தது. கோகிலா பெங்களூரிலிருந்து, "அப்பா, அம்மாவ மொதல்ல டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அளவு தெரியாம மெஷின் வாங்கக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னாள். "எல்லாம் வாங்கியாச்சு, நல்லாக் கேக்குதாம்" என்று அவர் சொல்லி வாயை அடைத்தார். அந்த மெஷினைக் குறை சொல்லவும் முடியாது. ஊரில் முருங்கைத் தோட்டத்துக்காரர் இதே மாதிரி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு திவ்யமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கொஞ்சம்தான் மந்தம். பாவாத்தாளுக்கு அது பாத்திரம் விழுகிற சத்தத்தையும் குழாய்ச் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது, பேச்சை மட்டும் கொண்டுவரவில்லை. சிலசமயம் அது கீய்ய் என்று கத்தும், அது பக்கத்தில் இருக்கிற இவருக்குக் கேட்கும், அவளுக்குக் கேட்காது. "எப்படிக் கேக்குது" என்று உதட்டை அசைப்பார். "கேக்குதுங்க" என்பாள். உதட்டைப் பார்த்துத்தானே பதில் சொன்னாள், அதை அவர் அப்போது யோசித்தாரா என்றால், யோசிக்காமல் இருக்கிற சாமர்த்தியம் அவருக்கு உண்டு.

பொங்கலுக்கு வந்த கோகிலா அம்மா காதிலிருந்து அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுல சார்ஜே இல்லியே" என்றாள். சார்ஜ் போடுகிற ஒயர் வாங்கிய பெட்டிக்குள்ளேயே முறுக்கு அவிழாமல் கிடந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று பாவாத்தாளைக் கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்றாள். "அப்பறம் எதுக்கும்மா காதுல மாட்டிட்டுத் திரியற?" "அவிய போடச் சொன்னாங்க. போட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு கரும்பை வெட்டப் போய்விட்டாள். மகள் அவரைப் பார்த்த பார்வையை அவர் கரும்புச் சோகைகளை ஒதுக்குகிற சாக்கில் தவிர்த்தார். உயிரில்லாத ஒரு மெஷினைக் காலையில் எழுந்து மறக்காமல் காதில் வைத்துக்கொண்டு, இராத்திரி மறக்காமல் கழற்றி டப்பாவில் வைத்து, இவருக்காக. இவர் மனசு நோகக் கூடாது என்று. இப்போதும் அதுதான் நடக்கிறதோ என்று திடீரென்று தோன்றியது. அவள் இமையைப் பார்த்து அமுக்குவது கேட்கவில்லை என்பதாலா, இல்லை, இவர் முகம் தெளிகிறது என்பதாலா. படத்திலிருந்து கண்ணை எடுத்தார். பெட்டிக்குள் அவள் நெற்றி சுருங்கியிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. இந்த இடது காதிலும் ஒன்றும் இல்லை என்றால். எரிந்தது. அவர் இமை விழுந்தது. வெட்கம்கெட்ட இமை, சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று அதன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு அதற்கப்புறம் ஒவ்வொரு விளக்குக்கும் ஒழுங்காக மூடித் திறந்தார், பாதியில் நிறுத்தினால் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வரும் என்றுகூட ஒரு யோசனை ஓடியது, அப்படி ஓடியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"முடிஞ்சுதுங் சார்." பிரதீபா கம்ப்யூட்டரில் கோடுகளைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "பேசறப்ப ரொம்ப சிரமப்படறாங்க, ஆனா ரிசல்ட் பரவால்லியே. லேசான கொறவுதான் காட்டுது. இந்த அளவுக்கு அளவெடுத்து செய்யற பெரிய மெஷின்கூட வேண்டியதில்ல. கடையில நேரா வாங்கற மெஷின்லயே கொஞ்சம் நல்லதாப் பாத்து வாங்கிக்கலாம். நான் எது நல்லதுன்னு சொல்றேன்." லேசான குறைவு. சென்னியப்பனுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்த விதம் இருக்கிறதே, ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது மாதிரி. லேசான குறைவு என்றால் லேசான தப்பு. வயசானால் யாருக்குத்தான் வராது. தறி ஓட்டாதவளுக்கும் வந்திருக்கும். மஞ்சள் அடைப்பானும் வேண்டாம், இரண்டு கஜமும் வேண்டாம், எல்லாவற்றையும் இந்தக் கோடு அழித்துவிட்டது, அதுவும் டாக்டர் மாதிரி ஒரு பெண் வாயால். கோகிலாவுக்கு இங்கிருந்தே போன் போட்டுச் சொல்லலாம். கீழே மருந்துக் கடையில் நல்லதாக ஒன்று வாங்கிக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிவிடலாம். எழுந்துகூட விட்டார். அப்போது பெட்டியின் கதவைத் தள்ளிக்கொண்டு பாவாத்தாள் வெளியே வந்தாள். வாங்கப் போகிற மெஷினையும் அவள் மாட்டிக்கொள்வாள். எப்படிக் கேக்குது என்று இவர் உதட்டை அசைப்பார், கேக்குதுங்க என்பாள். சார்ஜ் போடச் சொன்னால் சார்ஜும் போடுவாள். சாகிறவரைக்கும் மாட்டிக்கொள்வாள், பேரக்குழந்தை போனில் அம்மாயி என்று கூப்பிடுகிறபோது சிரித்துக்கொண்டே இவர் பக்கம் திரும்பி என்ன சொல்லுது என்று கேட்பாள், சாகிறவரைக்கும் கேட்பாள்.

"அம்மிணி" என்றார். "இது செல்லாதுங். நான் கண்ணக் காட்டுனேன்." பிரதீபாவுக்குப் புரியவில்லை. விளக்கைக் காட்டினார், தன் கண்ணைக் காட்டினார், மூடித் திறந்து காட்டினார், வேடிக்கை காட்டுகிற மாதிரி இருந்தது, அவருக்கே அழுகை வந்தது. "அவ தறி ஓட்டுனா. முப்பது வருசத்துக்கு மேல. என்ற தறி. ஊட்டுலதான் இருந்தான்னு சொன்னது தப்புங்." அந்தப் பெண் ஒரு பார்வை பார்க்கும் என்று பயந்திருந்தாரே, பார்க்கவே இல்லை. கோடுகளை அழித்தது. "திரும்பப் பண்ணிரலாம் சார். நீங்க வெளிய இருங்க" என்றது, யாரோ தினமும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது போல. இனி பாவாத்தாளுக்குச் சொல்ல வேண்டும். அவர் உதட்டை அசைத்தார், மறுபடி டெஸ்ட்டு, நான் வெளியே போறேன். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியுமுங்க, கேக்கலீன்னு" என்றாள், அவளுக்கே உரிய உரத்த தட்டையான குரலில். "நான் அமுக்குனா உங்க மொகம் தெளியுது. சரி, அமுக்கிருவம்னு அமுக்குனேன். போங்க, வெளிய போய் உட்காருங்க. போச்சாது, பரவால்ல."

வராந்தாவில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தவர் ஒதுங்கி இடம் கொடுத்தார். சென்னியப்பன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார், பார்த்தால் மறுபடி எதையாவது செய்துவிடுவோம் என்று. கண்ணை மூடிக்கொண்டார். கேட்கட்டும், கொஞ்சமாவது கேட்கட்டும் என்று வேண்டினார், பிறகு இந்த வேண்டுதலும் தனக்காகத்தானே என்று நிறுத்தினார், பிறகு யாருக்காக இருந்தால் என்ன, கேட்டால் சரி என்று மறுபடி ஆரம்பித்தார். உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அவள் ஓரக்கண்ணால் ஸ்டூலைப் பார்ப்பாள், ஸ்டூல் காலியாக இருக்கும். கோணிப் பையில் கடலைத் தோல் விழுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. முதல் தடவை ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, கதவு திறந்துவிட்டது. சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று நினைக்கும்போதே அது எதனால் என்று புரிந்தது.

பிரதீபா அவர் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள். "வலது காதுல ஒண்ணும் பெருசா மிச்சம் இல்லீங் சார். மெஷின் வெச்சாலும் அதுல பேச்சு வெளங்காது. இடது காதுக்கு வெக்கலாம். அளவு பாத்துத்தான் வெக்கணும், ஆரம்பத்துல அடிக்கடி வர வேண்டியிருக்கும்." குனிந்து சொன்னதால் பாவாத்தாளுக்கு அவள் வாய் தெரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் மாதிரி, "என்னுங்க சொல்லுது அந்தப் புள்ள? சரியாப் பண்ணுனனா?" என்று அவரிடம் கேட்டாள். சென்னியப்பன் எழுந்து நின்றார். உதட்டை மட்டும் அசைத்தால் போதும், அவர்களுக்குள் அதுதான் வழக்கம், பக்கத்து நாற்காலிக்குக்கூடத் தெரியாது. அவர் வாயைத் திறந்தபோது குரலும் சேர்ந்து வந்துவிட்டது, தறிக்கு மேலே கேட்க வேண்டும் என்பது போல ஒரு குரல், இத்தனை காலமும் எங்கே இருந்ததோ. "வலது காது போச்சு பாவாத்தா. இடதுக்குத்தான் வெக்கலாமாம். என்னாலதான் போச்சு. உன்ற காத நான்தான் போக்குனேன்." வராந்தா முழுக்கத் திரும்பியது. கடலை உடைக்கிற சத்தம் நின்றது. அங்கிருந்த அத்தனை பேருக்கும், காது மந்தமானவர்களுக்கும்கூட, கேட்டிருக்கும். அவள் அவர் வாயைக் கடைசி எழுத்துவரைக்கும் பார்த்தாள், பிறகு திரும்பியிருந்த முகங்களைப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். உங்களால இல்லீங்க என்று அடுத்து சொல்வாள் என்று அவர் நின்றார். எப்போதும் சொல்கிறவள்தான், பால் பொங்கினாலும் பஸ் போனாலும் அப்படித்தான் சொல்வாள். நின்றுகொண்டே இருந்தார். அவள் சொல்லவில்லை. பிரதீபாவின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, அவள் வாய் தெரிகிற மாதிரி நிற்கவைத்துக்கொண்டு, "எடது காதுக்கு எப்ப அம்மிணி வெப்பீங்க?" என்று கேட்டாள்.